அன்னபேதியில் கறுத்த ஏழு வார்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அறுந்த வார் மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்கு வந்தது. வேளச்சேரி போகும் வழியில் இருந்த குதிரை லாயத்து ஆள் அதைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்து வந்திருந்தார். அத்தா, என் அப்பா, முன்னறையில் உட்கார்ந்து ஒரு கடிவாளத்தைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பாய், யானை இழுத்தாலும் உன் தையலு வுடாதுன்னு சொல்லிக்கினு இருந்தியே. நேத்து ஒரு பொண்ணு வுழுந்து கீது. காறை எலும்பு முறிஞ்சி போச்சு."

சேணத்தைக் குதிரையின் முதுகில் நிறுத்தி வைப்பது வயிற்றைச் சுற்றி வரும் வார். அது அறுந்தால் சேணம் சரியும், ஏறியிருப்பவரும் சேர்ந்து சரிவார். குதிரை ஏறக் கற்றுக்கொள்ள வந்த கல்லூரிப் பெண் அவள். ஓடுகிற குதிரையிலிருந்து விழுந்திருக்கிறாள்.

அத்தா வாரை வாங்கித் தையல் வரிசையின் மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தார். ஒரு தையல்கூட விட்டிருக்கவில்லை. தையலுக்கு இரண்டு விரல் தள்ளி, தோலே அறுந்திருந்தது. ஆனால் அந்தத் தோல் அவர் பெரியமேட்டுத் தோல் மண்டிக்குப் போய்த் தடவிப் பார்த்துத் தேர்ந்தெடுத்து வந்தது. அது கெட்டுப்போகும் என்று அவரால் நினைக்க முடியவில்லை.

"என் கைதான் எங்கியோ தப்பு பண்ணியிருக்கு. முதலாளிகிட்ட நானே வந்து பேசறேன்னு சொல்லு," என்றார்.

லாயத்து ஆள் போன பிறகு, அறுந்த முனையை எடுத்து மடித்தேன். மடிப்பில் கறுப்பு மேல்தோல் மெல்லிய கோடுகளாக வெடித்தது. உள்ளிருந்து பழுப்பு நிறத் தூள் என் உள்ளங்கையில் உதிர்ந்தது. நான் அப்போது தோல் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ முடித்து, அடையாறில் ஒரு சோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. என் பையில் அமிலம் பார்க்கும் தாள் இருந்தது. தோல் துண்டை நனைத்துத் தாளை ஒட்டினேன். தாள் சிவந்தது.

இரண்டு மாதத்துக்கு முன்பு அந்த ஒரே தோலிலிருந்து ஏழு வார்கள் வெட்டியிருந்தோம். லாயத்துக்கு ஐந்து, திருவான்மியூரில் சொந்தக் குதிரை வைத்திருந்த ஒரு வீட்டுக்கு ஒன்று, கையிருப்பாக ஒன்று. எல்லாம் கறுப்பாக வேண்டும் என்றார்கள். அத்தா கறுப்பு ஏற்றுகிற விதம், துருப்பிடித்த ஆணிகளை வெல்லத் தண்ணீரில் பத்து நாள் ஊறப்போடுவது. நான் ஒரு மணி நேரத்தில் முடிக்கிறேன் என்று சொல்லி, செய்ய வேண்டியதை நோட்டில் வரிசையாக எழுதினேன். முதலில் அன்னபேதி என்கிற இரும்பு உப்பைக் கரைப்பது. இரண்டாவது, வேகத்துக்காக அதில் சில துளி அமிலம் விடுவது. மூன்றாவது, தோலை முக்கி எடுப்பது. நான்காவது, ஆப்பசோடா கரைத்த தண்ணீரில் அமிலத்தை முறித்து, நல்ல தண்ணீரில் நான்கு முறை அலசுவது. ஐந்தாவது, எண்ணெய்.

அன்றைக்குத் தண்ணீர் லாரி வரவில்லை. வீட்டில் இரண்டு குடம் இருந்தது, ஒன்று குடிக்க, ஒன்று சமைக்க. அடி பம்பில் இரண்டு நாளாகக் காற்றுதான் வந்துகொண்டிருந்தது. நான் வார்களை ஈரத்துணியால் துடைத்து எண்ணெய் போட்டேன். நாளைக்கு அலசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாள் அவை பளபளப்பாக, மெத்தென்று இருந்தன. நோட்டில் நான்காவதற்கு நேராக ஒரு டிக் போட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் வெயிலும் குதிரை வியர்வையும் சேர்ந்து, தோலுக்குள் தங்கிய அமிலத்துக்கு வேலை செய்ய நேரம் கொடுத்திருந்தன.

அத்தா சட்டை போட்டுக்கொண்டு லாயத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "வெளிய இருக்கற மத்த அஞ்சு வாரையும் திருப்பி வாங்கணும்," என்றேன்.

"எதுக்கு? நான் தப்பா தச்சது அந்த ஒண்ணுதானே."

"நீங்க தப்பா தைக்கல. நான் அலசல."

அவருக்குப் புரிய இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சட்டைப் பொத்தானைப் போட்டு முடித்துவிட்டு, "தண்ணி இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஒரு நாள் தள்ளி செஞ்சிருப்பேனேம்மா," என்றார். பிறகு, "வண்டிய எடு. நீ போனாத்தான் வெரசா ஆவும்," என்றார்.

பையில் நோட்டு, தோல் வெட்டும் கத்தி, அமிலத் தாள் மூன்றையும் போட்டுக்கொண்டு மொபெட்டில் கிளம்பினேன். லாயத்தில் மீதியிருந்த நான்கு வார்களில் இரண்டு, ஓடிக்கொண்டிருந்த குதிரைகளின் வயிற்றில் இருந்தன. வேலிக்கு வெளியே நின்று, அவை சுற்றி முடித்து வரும்வரை ஒவ்வொரு திருப்பத்திலும் சேணத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளி இறக்கிக் கொடுக்கச் சொன்னார். தவறு என்னுடையது, அத்தாவின் தையல் இல்லை என்று அவரிடம் சொன்னேன். "அப்பனோ பொண்ணோ, எனக்கு ஒண்ணுதான். இனிமே இந்தப் பக்கம் வர வேணாம்," என்றார்.

திருவான்மியூர் வீட்டில் வார் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் ஒரு மாதமாகக் குதிரை ஏறவில்லையாம். அதையும் வாங்கிக்கொண்டு மூன்றரை மணிக்கு வீடு திரும்பினேன். அறுந்ததோடு சேர்த்து ஆறு வார்கள் கைக்கு வந்துவிட்டன. ஏழாவது, கையிருப்பு என்று நான் எழுதி வைத்தது, முன்னறை ஆணியில் இருக்க வேண்டும். ஆணியில் ஒன்றுமில்லை.

"அதுவா?" என்றார் அத்தா. சொல்லும்போதே அவர் முகம் மாறியது. "போன வாரம் பீச் குதிரைக்காரன் வந்தான், வெள்ளக் குதிர வெச்சிருக்கானே, அவன். அவன் வார் நைஞ்சி போச்சு. பாவம்னு எடுத்துக் குடுத்துட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெசன்ட் நகர் கடற்கரை எப்படி இருக்கும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அடையாறு பாலத்தில் ஒரு பேருந்து நின்றுபோய்ப் போக்குவரத்து அடைத்திருந்தது. நடைபாதை மேல் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு போனேன். ஒருவர் கெட்ட வார்த்தை சொன்னார். அந்த நேரம் என் மனதில் ஓடியது ஒரே கணக்கு. குதிரை முதுகிலிருந்து தரை எவ்வளவு உயரம், ஐந்து வயதுப் பிள்ளையின் தலை எவ்வளவு எடை, மணல் எங்கே தளர்வாக இருக்கும், எங்கே அலை அடித்து இறுகியிருக்கும்.

குதிரைக்காரர்கள் பிள்ளைகளை ஏற்றி இறுகிய மணலில்தான் ஓட்டுவார்கள்.

மணலில் இறங்கியபோது அந்த வெள்ளைக் குதிரை, ஆறு கடலில் சேருமிடத்து உடைந்த பாலத்துப் பக்கம் தொலைவில் போய்க்கொண்டிருந்தது. முதுகில் ஒரு சின்னப் பையன். குதிரைக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் ஓடினார். நான் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன். கத்தினேன், அலைச் சத்தத்தில் கேட்கவில்லை. அவர்கள் திரும்பி என்னை நோக்கி வந்தபோது குதிரையின் வழியை மறித்து நின்றேன். பையனை அக்குளில் கை கொடுத்து இறக்கினேன். அவன் வீறிட்டு அழுதான்.

"இன்னாமா, உனுக்குப் பைத்தியமா?" என்றார் குதிரைக்காரர். பையனின் அப்பா பின்னாலேயே ஓடி வந்து, "யாரும்மா நீ? எம் பையன் மேல ஏன் கை வெக்கற?" என்றார்.

நான் தோல்காரர் பாயின் மகள் என்றும், வயிற்று வார் கெட்ட தோல் என்றும், அது எந்த நேரமும் அறும் என்றும் சொன்னேன். மூச்சு வாங்கியதால் துண்டு துண்டாகத்தான் வந்தது.

"ஓ, தோலுக்கு டாக்டருக்குப் படிச்ச பொண்ணா நீ? வைத்தியம் பாக்க வந்துகிறியா?" சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சேணத்தைப் பிடித்துக்கொண்டு தன் முழு எடையையும் போட்டுத் தொங்கினார். வார் தாங்கியது. மறுபடியும் தொங்கினார். தாங்கியது. "பாத்துக்கோ. உங்க நைனா குடுத்தது கல்லாட்டம் கீது. நவுரு, நவுரு."

தாளை நனைத்துக் காட்டலாம் என்று பையைத் திறந்தேன். அந்தச் சிவப்பு அவர்களுக்கு என்ன சொல்லும்? வரிசையில் அடுத்து நின்ற பெண் குழந்தையை அதன் அம்மா ஏற்கெனவே தூக்கிச் சேணத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். அதன் கால்கள் அங்கவடிக்கு எட்டவில்லை.

"இறக்குங்க," என்றேன். அவள் இறக்கவில்லை. குழந்தையை நான் ஒரு கையால் அணைத்து இறக்கி, அதன் அம்மாவின் மேல் போட்டேன். கத்தியை எடுத்து, குதிரையின் வயிற்றுக்கும் வாருக்கும் நடுவே என் இடது கையைக் கொடுத்து, அறுத்தேன். குதிரை ஒரு பக்கமாகத் துள்ளியது. சேணம் மணலில் விழுந்தது.

குதிரைக்காரர் என் மணிக்கட்டைப் பிடித்துத் திருகிக் கத்தியைப் பிடுங்கினார். "ஞாயித்துக்கெழம என் பொழப்புல மண்ணப் போட்டியே. ஒன்ன இன்னா பண்ணா தேவல?" அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன். அவர் நான் அறுத்த வாரைத் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டினார். "பாருங்க சார், புத்தம் புது வாரு." சொல்லிக்கொண்டே, எவ்வளவு புதிது என்று காட்டுவதற்காக, அதைப் பக்கிளுக்குக் கீழே நன்றாக மடித்தார்.

அது ஒடிந்தது. காய்ந்த வாழைப்பட்டை ஒடிவதுபோல, பெரிய சத்தமில்லாமல் ஒடிந்தது. துண்டு அவர் கையிலேயே இருந்தது. தூள் அவர் விரலெல்லாம் ஒட்டியிருந்தது.

பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். யாரோ என் செருப்பைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டுவிட்டுப் போனார்கள். குதிரைக்காரர் மணலில் உட்கார்ந்தார். சேணத்தை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் எதிரில் நின்றேன். மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன். அது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"காலைலேர்ந்து எத்தினி புள்ளைங்கள ஏத்தினேன் தெரியுமா?" என்றார்.

தெரியாது என்றேன்.

அவர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். "செவப்பு கவுனு போட்டது ஒண்ணு. மொட்ட அடிச்சது ஒண்ணு. அந்த ரெட்டப் புள்ளைங்க. கண்ணாடி போட்டுக்கினு, பயந்துக்கினே ஏறிச்சே, அது ஒண்ணு. அழுதுச்சே, நான்கூட ஒரு ரவுண்டு சும்மா வுட்டேனே, அது..." பத்துக்கு மேல் போனதும் விரல் தப்பியது. முதலிலிருந்து, செவப்பு கவுனிலிருந்து, மறுபடியும் தொடங்கினார்.