அடங்காத கால்கள்

திருப்பாதிரிப்புலியூரில் நாங்கள் இருக்கும் வீட்டில் மாமியாரும் என் மகளும் கூடத்தில் படுப்பார்கள். மூன்றாம் வகுப்பில் இருந்த அவள் தூக்கத்தில் உதைத்துக்கொண்டே இருந்தாள். "காலுக்குள்ள பூச்சி ஊர்ற மாதிரி இருக்கும்மா, ஆட்டினாதான் போவுது" என்பாள். பகலில் வகுப்பில் தூங்கி வழிவாள். விழித்திருந்தால் உட்கார முடியாமல் நெளிவாள். டீச்சர் அவளைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்துவிட்டார். பக்கத்துத் தெரு டாக்டர் பூச்சி மாத்திரை கொடுத்தார்.

"திமிரு, வேற ஒன்னும் இல்ல" என்றார் மாமியார்.

ஒரு நாள் காலையில் எழுந்து வந்து பார்த்தால், குழந்தையின் இரண்டு கால்களும் துண்டால் கட்டப்பட்டிருந்தன. "கட்டினா அடங்கும்னு பாத்தேன்" என்றார் மாமியார், காபியை ஆற்றிக்கொண்டே. கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அந்த வாரமே சிதம்பரத்தில் ஒரு குழந்தை மருத்துவரிடம் கூட்டிப்போனேன். ரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்று கணவரும் வந்தார்.

"ரத்தம் பரவால்ல. ஆனா ஒடம்புல சேத்து வெச்சிருக்குற இரும்புச்சத்து ரொம்பக் கம்மி. அதனாலதான் காலு இந்தப் பாடு படுது" என்றார் டாக்டரம்மா. "இது சில குடும்பத்துல வழிவழியா வரும். உங்க வீட்ல வேற யாருக்காவது இருக்கா?"

"எங்க பக்கம் யாருக்கும் இல்ல" என்று கணவர் முந்திக்கொண்டார்.

"இருக்கு டாக்டர். இவுங்க அம்மாவுக்கு. சாயந்தரமானா காலு கொடையுதும்பாங்க. கல்யாணமாகி வந்ததுலேர்ந்து நான்தான் அமுக்கி விடுறேன்."

திரும்பும் பஸ்ஸில் அவர் பேசியது ஒன்றுதான். "வெளியாளு முன்னாடி எங்கம்மாவ நோயாளியாக்கிட்டல்ல?"

இரும்பு சிரப்பை எலுமிச்சைச் சாறோடு கொடுக்கச் சொன்னார்கள். அந்த நேரத்தில் பால், டீ கூடாது, குடித்தால் இரும்பு உடம்பில் சேராது. மாமியார் சரியாக அந்த நேரம் பார்த்துப் பால் டம்ளரை நீட்டுவார். "அந்த மருந்தால பல்லு கறுத்துப்போனா எவன் கட்டுவான் இவள?" வேறு வழியில்லாமல் பாட்டிலைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூட வாசலில் வைத்துக் கொடுத்தேன். மலம் கட்டியது, கறுப்பாகவும் போனது. குழந்தை முகம் சுளித்துக்கொண்டே குடித்தாள்.

சில மாதங்களில் கால்கள் அடங்கின. எழுப்பாமலே எழுந்தாள். "இப்பதான் ஒழுங்கா இருக்கா" என்றார் டீச்சர், ஏதோ குழந்தை திருந்திவிட்ட மாதிரி. பாடலீஸ்வரருக்கு வேண்டிக்கொண்டதால்தான் சரியானது என்று மாமியார் சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொன்னார். துண்டைப் பற்றி யாரும் பேசவில்லை.

சிதம்பரத்துக்குப் போய் வந்த நாளிலிருந்து மாமியார் என்னைக் கால் அமுக்கக் கூப்பிடுவதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு காலை இன்னொரு காலால் தேய்த்துக்கொண்டே சீரியல் பார்க்கிறார். "அத்த, நீங்களும் ஒரு டெஸ்ட் எடுத்துப் பாருங்களேன்" என்று ஒருமுறை சொன்னேன்.

"எனக்கு ஒன்னுமில்ல" என்றார்.

மறுபடி நான் சொல்லவில்லை. பாவமாகவும் இல்லை.