அத்தானின் வலது கால்

தொலைக்காட்சியில் ஒரு கார் வேகமாகப் போனாலும் அத்தானின் வலது கால் சோபாவுக்கு முன்னால் தரையை அழுத்தும். அக்காவின் கணவரான அவர், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பயிற்சிக் காரில் அவர் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் எதன்மேலாவது மோதப் போனால் அத்தான் மிதித்துவிடுவார். மிதித்து மிதித்து, போகிற இடமெல்லாம் தனக்கு ஒரு பிரேக் வைத்திருப்பதாக அந்தக் கால் நம்பிவிட்டது. வாய் அதற்கும் ஒரு படி மேல்.

கடைகளில் விடலைப் பையன்கள் கலாட்டா செய்தால் சுற்றி நிற்பவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்குப் பிடித்தமான பாடம். "மொதல்ல குரலை ஏத்தக் கூடாது. கைய நீட்டக் கூடாது. கண்ணப் பாத்துத் தன்மையா ஒரு வார்த்தை சொல்லணும். இது தெரியாம ஜனங்க மரம் மாதிரி நிக்குதுங்க" என்பார். முடி வெட்டுகிறவரிடம் சொல்வார். பல் மருத்துவரிடம் வாயில் பஞ்சோடு சொல்வார். பஞ்சை எடுத்தால் இன்னும் தெளிவாகக் கேட்கும் என்று மருத்துவரும் அதை எடுக்க அவசரப்படுவதில்லை. பாடம் ஆரம்பித்தால் அக்கா துணி மடிக்கப் போய்விடுவாள்.

போன வாரம் மூவரும் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனோம். சோப்பு வரிசையின் ஒரு கோடியில், அங்கே வேலை செய்யும் நிறைமாதக்காரி ஒருத்தி தரையில் உட்கார்ந்து கீழ்த்தட்டில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மறு கோடியில் கூச்சல். சில பையன்கள் ஒருவனைத் தள்ளுவண்டிக்குள் உட்காரவைத்து, ஓடி வந்து, ஒரே தள்ளாகத் தள்ளிக் கையை விட்டார்கள். வண்டி நேரே அவள் முதுகை நோக்கி வந்தது. நடுவில் நாங்கள்.

நான் அத்தானைப் பார்த்தேன். குரலை ஏற்றவில்லை. கையை நீட்டவில்லை. கண்ணைப் பார்ப்பது எங்கே, தன் கண்ணையே இறுக மூடியிருந்தார். வலது கால் மட்டும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. இதையெல்லாம் கவனிக்க எனக்கு நேரம் இருந்ததே, நானும் மரம்தான்.

அக்கா எங்கள் வண்டியைக் குறுக்கே தள்ளினாள். மோதியதில் நாங்கள் வாங்கிய முட்டை அத்தனையும் உடைந்தது. உள்ளே இருந்தவன் முகம் வெளுத்துப்போனான்.

"எறங்குப்பா. உனக்கு அடி படலியே? அங்க பாரு, மாசமா இருக்கற பொண்ணு" என்றாள். குரலை நன்றாகவே ஏற்றியிருந்தாள்.

பையன்கள் அப்போதுதான் பார்த்தார்கள். ஒருவன் போய்த் துடைப்பம் வாங்கி வந்தான். மற்றவர்கள் அந்தப் பெண்ணிடம் தலைகுனிந்து ஏதோ முணுமுணுத்தார்கள். அவள் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மறு கையால் அக்காவின் கையைப் பற்றிக்கொண்டாள். பிறகும் விடவில்லை.

அத்தான் கண்ணைத் திறந்தார். வண்டியைப் பார்த்தார்.

"நின்னுடுச்சு பாத்தியா" என்று என்னிடம் சொல்லிவிட்டு, காலை மெல்லத் தரையிலிருந்து எடுத்தார்.