மழை மோடும் சிவப்பு ஸ்டூலும்

பழைய வண்டிக்கும் புது வண்டிக்கும் உள்ள வித்தியாசத்தை என் வீட்டுக்காரர் யாரிடம் வேண்டுமானாலும் சொல்வார். பால்காரர் கேட்டிருக்கிறார். கேஸ் கொண்டுவந்தவர் சிலிண்டரைத் தோளிலிருந்து இறக்காமலே கேட்டிருக்கிறார், பாவம். எஞ்சின், பிரேக், கியர், முகப்பு விளக்கு, முன்னால் காற்றைத் தடுக்கிற கண்ணாடி என்று ஒவ்வொன்றாக வரும். ஒன்றே ஒன்று மட்டும் அந்தப் பேச்சில் வரவே வராது. பின்சீட்டு. அதில் அவர் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை, அவருக்கு எப்படித் தெரியும்? அதனால் அந்தப் பாகத்தை நான் எழுதுகிறேன்.

எங்களுக்கு விருதுநகர். அவர் சிவகாசி அச்சகம் ஒன்றுக்குக் காலண்டர் ஆர்டர் பிடித்துக் கொடுக்கிறவர். ஆடிப் பதினெட்டு அன்றைக்கு அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பம் பூஜை போட்டு வெளியே வரும். ஆல்பம் என்றால் கல்யாண ஆல்பம் இல்லை. முருகன், லட்சுமி, பிள்ளையார், பச்சைக் குழந்தை, அருவி என்று அத்தனை மாதிரிப் படங்களையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டிய, தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்கிற புத்தகம். அதை வண்டியில் கட்டிக்கொண்டு தேனி, கம்பம், குமுளி, அப்படியே மலை இறங்கிக் கேரளா என்று கடை கடையாகப் போவோம்.

போவோம் என்றால் இரண்டு பேரும்தான். அவருக்கு வண்டி ஓட்ட வரும், பேச வராது. நகைக்கடை முதலாளி, "போன வருஷம் கலர் டல்லா இருந்துச்சே" என்று சொன்னால், "ஆமா" என்று ஒத்துக்கொண்டு வந்துவிடுவார். அப்படிப்பட்ட மனுஷன். பேச்சு என் இலாகா. பிள்ளைகள் வெளியூருக்குப் படிக்கப் போனதிலிருந்து ஒவ்வொரு சீசனுக்கும் நான் பின்சீட்டில்தான். சுடிதார் போட்டு, ஹெல்மெட் மாட்டி, இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்து குமுளி மலை ஏறும்போது நான் வேறு ஒருத்தி. அங்கே அடுப்பும் கிடையாது, குக்கர் விசிலும் கிடையாது. வருஷம் முழுக்க நான் காத்துக்கிடப்பது அதற்குத்தான், ஆர்டருக்காக என்று ஊரில் சொல்லிக்கொள்வேன்.

பழைய வண்டியை நான் பெரிதாகப் புகழ மாட்டேன். வெயில் காலத்தில் அதன் வலது பக்கம் அடிக்கிற சூட்டில் அப்பளம் பொரிக்கலாம். நிறுத்திய இடத்திலெல்லாம் தரையில் எண்ணெய்ப் பொட்டு வைக்கும். மழை பெய்தால் ஹாரன் அடிக்காது, வெயில் அடித்தால் தானாகவே அடிக்கும். நின்றுபோனால் மட்டும் கண்டிப்பாக ஒரு டீக்கடை வாசலில்தான் நிற்கும், அந்த அறிவு அதற்கு உண்டு. ஆனால் அந்தப் பின்சீட்டு இருக்கிறதே! தாழ்வாக, அகலமாக, எங்கள் வீட்டு பெஞ்சு தோற்றுப்போகும். ஒரு காலை ஊன்றி மறு காலைப் போட்டால் உட்கார்ந்தாகிவிடும். அவர் எஞ்சினை அணைக்கக்கூட மாட்டார். திரும்பாமலே, "ஏறிட்டியா?" என்பார். "ஏறிட்டேன்" என்பேன். வண்டி கிளம்பிவிடும்.

ஆனி மாசக் கடைசியில் புதுசு வந்தது. அதே ஜாதி வண்டிதான், பழசுக்கு அடுத்து வந்த தலைமுறை. நெடுந்தூரம் போகவும் செய்யலாம், பறக்கவும் செய்யலாம் என்றார். ஐம்பதைத் தாண்டியவர், சர்க்கரை மாத்திரை போடுகிறவர், எங்கே பறக்கப்போகிறார் என்று நான் கேட்கவில்லை. சத்தமே இல்லை. போனோடு பேசுகிறது. முன்னால் டிவி மாதிரி ஒரு திரை. எலுமிச்சம்பழம் கட்டலாம் என்றேன், கூடாதாம். பெட்டி மாட்டலாம் என்றேன், கூடாதாம். "ஒண்ணையும் தொங்கவிடக் கூடாது, லுக்கு போயிரும்" என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்குக்கூட மாலை உண்டு, இதற்கு ஒரு எலுமிச்சம்பழத்துக்கு வழியில்லை.

மல்லாங்கிணற்றில் விவசாயம் பார்க்கிற என் அண்ணன் வண்டியைப் பார்க்க வந்தார். பழசை அவர்தான் எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. ஆடி பிறந்துவிட்டதால் ஆவணி முதல் தேதிதான் கை மாற்றுவேன் என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அவரை நிறுத்திவைத்து இவர் திரையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். "மச்சான், இது ரோடு மோடு. இது ஸ்போர்ட் மோடு. இந்தா, இது மழை மோடு."

அண்ணன் வானத்தை அண்ணாந்து பார்த்தார். மானாவாரிக்காரர் முகத்தில் அப்போது வந்த சிரிப்பைப் பார்த்திருக்க வேண்டும். "அதப் போடுங்க மாப்ளே" என்றார். "நம்ம கரிசக்காட்டுப் பக்கம் ரெண்டு ரவுண்டு ஓட்டிட்டு வாங்க. பெஞ்சாலும் பெய்யும்."

நான் சிரித்த சிரிப்பில் எனக்கே புரை ஏறியது. இவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அண்ணன் போன பிறகுதான் நான் முதன்முதலாக அதில் ஏறப்போனேன். என் சிரிப்பெல்லாம் அங்கேயே நின்றது.

புதுசின் பின்சீட்டு ஒரு தென்னங்குரும்பை அளவுக்குத்தான் இருந்தது. அது பரவாயில்லை. உயரம்! என் இடுப்புக்கு மேலே, வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. எனக்கு முழங்கால் தேய்மானம். காலைத் தூக்கினேன், பாதி வழியில் முழங்கால் வேலைநிறுத்தம் செய்துவிட்டது. முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்ட கதைதான். "பழகிரும்" என்றார். யாருக்குப் பழகும், என் முழங்காலுக்கா? கடைசியில் வாசல்படி மேல் நான் நின்று, அவர் வண்டியைப் படியோடு ஒட்டி நிறுத்த, ஏறி உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பேருக்கும் சந்தோஷம். வாசல்படி எங்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கிறது என்பது இரண்டு பேர் புத்திக்கும் எட்டவில்லை.

எட்டியது ஆமத்தூரில். ஆடிப் பதினெட்டு அன்று காலையில் ஆல்பம் பூஜைக்குச் சிவகாசி கிளம்பினோம். படியிலிருந்து ராணி மாதிரி ஏறினேன். ஆமத்தூரில் ஒரு டீ குடிக்கலாம் என்று சறுக்கி இறங்கினேன். டீ நன்றாகத்தான் இருந்தது. திரும்ப ஏறப்போனால் படி இல்லை.

டீக்கடை ஓரத்தில் பட்டாசு ஆலை வேன் ஒன்று நின்றது. வேலைக்குப் போகிற பொம்பிளைகள் டீ டம்ளரோடு வரிசையாக நின்று எங்களைப் பார்த்தார்கள். நான் ஒரு தடவை தாவினேன். இன்னொரு தடவை தாவினேன். "அக்கா, வேனுக்கு வாங்க, எடம் இருக்கு" என்று ஒரு குரல் வர, எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய. அவர் மட்டும் ஹெல்மெட்டுக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அவர்களில் என் வயதிருக்கிற ஒருத்தி வேனுக்குள் கையை விட்டு ஒரு குட்டையான மர ஸ்டூலை எடுத்து வந்தாள். அந்த வேன்களுக்குப் படி உயரம்; ஏறி இறங்க அவர்களே ஒன்று செய்து வைத்திருக்கிறார்கள். அவள் விரல் நகத்தோரம் எத்தனை கழுவினாலும் போகாத சாம்பல் நிறப் பட்டாசு மருந்து. ஸ்டூலைப் போட்டு என் முழங்கையையும் பிடித்துக்கொண்டாள். "ஏறுங்கக்கா. எனக்கும் முட்டு வலிதான்." ஏறிவிட்டேன். பிறகு அவரைப் பார்த்து, "அண்ணாச்சி, அடுத்த ஊர்ல யாரு போடுவா? ஒரு ஸ்டூலு வாங்கிக் கட்டிக்கிடுங்க. கௌரவம் ஒண்ணும் கொறஞ்சிராது" என்றாள். அவர் வண்டியை ஸ்போர்ட் மோடில் கிளப்பினார்.

அச்சகத்தில் பூஜை முடிந்தது. முதல் ஆல்பத்துக்குச் சந்தனம், குங்குமம் வைத்துச் சூடம் காட்டினார்கள். எங்கள் பங்கு ஆல்பத்தைத் துண்டில் சுற்றி வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். சர்க்கரைப் பொங்கலைக் கையில் வைத்துக்கொண்டு மிஷின்காரர்கள் எல்லாரும் புது வண்டியைப் பார்க்க வாசலுக்கு வந்துவிட்டார்கள். அவ்வளவு பேருக்கு முன்னால் நான் ஏற வேண்டும். ஆமத்தூர் மாதிரி ஆகிவிடக் கூடாதே என்று அவர் மூளை வேகமாக வேலை செய்திருக்கிறது. ஆல்பம் கனம், கெட்டி, உயரமும் சரியாக இருக்கிறது. துண்டோடு அதை என் காலடியில் வைத்து, "இதுல கால வச்சு ஏறு" என்றார்.

"ஐயையோ அண்ணாச்சி! உள்ள அம்புட்டு சாமியும் இருக்கு!" என்று ஒரு மிஷின்காரர் போட்ட கத்தலில் பொங்கல் கீழே விழுந்தது.

வருஷம் முழுக்கச் சாமி படத்தை விற்றுச் சாப்பிடுகிற மனுஷன், பூஜை போட்ட சந்தனம் காயவில்லை, அதை மிதித்து ஏறச் சொல்கிறார். நாக்கைக் கடித்துக்கொண்டு, வாரி எடுத்துக் கண்ணில் ஒற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அச்சக முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்க முடியாமல் நிமிர்ந்தபோதுதான், "நீ பஸ்ல வந்துரு" என்று என் வீட்டுக்காரர் சொன்னார்.

மெதுவாகத்தான் சொன்னார். கோபமும் இல்லை. அதுதான் சுருக்கென்று தைத்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். இன்றைக்குச் சிவகாசியிலிருந்து பஸ் என்றால் நாளைக்குக் குமுளிக்கு? பஸ்ஸில் ஏறி இறங்கி, ஆட்டோ பிடித்து, கடை கடையாக இந்த முழங்காலோடு நான் எங்கே போவேன்? அவர் தனியாகப் போவார். எல்லாருக்கும் "ஆமா" சொல்லிவிட்டு வருவார். நான் வீட்டில் ரசம் வைத்துக்கொண்டிருப்பேன். என் இடத்தை ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் எடுத்துவிட்டாரே என்று அழுகை வந்தது. அழுதேன். பக்கத்து சீட்டுக்காரம்மா வெள்ளரிப்பிஞ்சு கொடுத்தார், அதையும் தின்றுகொண்டே அழுதேன்.

சாயங்காலம் ஆகியும் அவர் வரவில்லை. வந்தபோது வண்டி கண்ணில் படுவதற்கு முன்னால் ஒரு சிவப்புதான் எனக்குத் தெரிந்தது. ரத்தச் சிவப்பில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், தலைகீழாக, நாலு காலும் வானத்தைப் பார்க்க, பின்னால் ரப்பர் கயிற்றில் கட்டியிருந்தது. எலுமிச்சம்பழம் கட்டினால் லுக்கு போய்விடும் என்றவர்! தெருவே பார்த்தது. "வேற கலர் இல்லையாம்" என்றார். அன்றைக்கு அவருக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பு வைத்தேன்.

அந்த வாரமே கிளம்பினோம். இதில் ஏறுவது ஒரு தனிச் சடங்கு. அவர் முதலில் இறங்க வேண்டும். கட்டை அவிழ்த்து, ஸ்டூலைப் போட்டு, ஆடுகிறதா என்று காலால் மிதித்துப் பார்த்து, என் கையைப் பிடிக்க வேண்டும். நான் ஏறிய பிறகு ஸ்டூலைத் திரும்பக் கட்ட வேண்டும். பிறகு பின்னால் நான் உட்கார்ந்திருப்பதால், தொப்பையோடு முன்பக்கமாகக் காலைத் தூக்கிப் போட்டு அவர் ஏற வேண்டும். கோழி வேலி தாண்டுகிற மாதிரி இருக்கும். அதை மட்டும் நான் பார்க்காதது போல இருந்துகொள்வேன். கம்பத்தில் ஒரு ஜவுளிக்கடைக்காரர், "என்னண்ணே, ஸ்டூல் யாவாரமும் ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர், பேச வராத என் வீட்டுக்காரர், "இல்லங்க, இது கம்பெனி ஃபிட்டிங்" என்றார். கடைக்காரர் சிரித்த சிரிப்பில் ஆர்டரை நான் சுலபமாக முடித்துவிட்டேன்.

ஆவணி முதல் தேதி அண்ணனும் மதினியும் பழசை எடுக்க வந்தார்கள். சாவியை இவர் இரண்டு கையாலும் கொடுத்தார். அண்ணன் உதைத்ததும் பழசு ஒழுங்காகக் கிளம்பித் தொலைத்தது. எப்போதும் இல்லாத ஒழுக்கம். மதினி சேலையை லேசாகத் தூக்கி ஒரே எட்டில் ஏறி உட்கார்ந்து, பின்கம்பியைப் பிடித்தார். என் கை பிடித்துப் பிடித்துப் பெயிண்ட் போன அதே இடம். "வலது பக்கம் சூடடிக்கும் மதினி, சேலையைப் பாத்துக்கிடுங்க" என்று சொன்னேன்.

அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. "ஏறிட்டியா?" என்றார்.

"ஏறிட்டேன்" என்றார் மதினி. வண்டி கிளம்பிவிட்டது.

அத்தனை வருஷமும் பின்சீட்டில் என் காதில் விழுந்த ஒரே கேள்வி அது. நல்ல வண்டிதான், ஏறுவதற்குச் சுகமான வண்டிதான். ஆனால் அந்த வண்டி இருந்தவரைக்கும் இந்த மனுஷன் எனக்காக ஒரு தடவைகூடக் கீழே இறங்கியதில்லை. இப்போதுதான் எனக்கே அது உறைத்தது. பக்கத்தில் பார்த்தேன். தெருமுனையில் மறைகிற பழசை அவரும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு புதுசிடம் போய் ரப்பர் கயிற்றை அவிழ்த்தார். அன்றைக்குச் சாத்தூரில் ஒரு பார்ட்டியைப் பார்க்க வேண்டியிருந்தது.

வாசல்படி இரண்டடி தள்ளித்தான் இருக்கிறது. வண்டியை அதோடு ஒட்டி நிறுத்தியிருக்கலாம். நான் சொல்லவில்லை. அவரும் நகர்த்தவில்லை. ஸ்டூலைத் தரையில் வைத்து, காலால் மிதித்துப் பார்த்து, கையை நீட்டினார்.

"மெதுவா ஏறு" என்றார். "நான் இங்கனதான நிக்கேன்."