ஒரே பாட்டு, இரண்டு போன்

ஹிப்ஹாப் எப்படிப் பிறந்தது என்று படித்தபோது ஒரு விஷயம் எனக்குப் புரியவே இல்லை. நியூயார்க்கின் ஆரம்பகால டிஜேக்கள் ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு, இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் சுழல விட்டார்களாம். ஒரே பாட்டு எதற்கு இரண்டு?

போன மாதம் அகரத்தில் என் தங்கை கல்யாணம். மைக்செட்டில் என் போனை மாட்டிப் பாட்டுப் போடும் வேலை எனக்கு. மாமா இறந்ததிலிருந்து எந்த விசேஷத்திலும் ஒதுங்கியே உட்காரும் என் அத்தை, ஒரு பாட்டில் பாடகர் குரல் நின்று மேளம் மட்டும் ஒலித்த இடத்தில் சட்டென்று எழுந்து ஆடினார். குரல் திரும்பியதும் கூச்சத்தோடு உட்கார்ந்துவிட்டார். மறுபடி மேளம் வந்தபோதும் அப்படியே.

தம்பியின் போனை வாங்கி, அதையும் மைக்செட்டில் மாட்டி, அதிலும் அந்தப் பாட்டையே எடுத்து வைத்தேன்.

"ஒரே பாட்ட எதுக்கப்பு ரெண்டு போன்ல போடுற?" என்றார் மைக்செட்காரர்.

"செத்த நேரம் எங்க அத்தையப் பாருங்கண்ணே."

பாட்டை மறுபடி போட்டேன். மேளம் வந்தது, அத்தை எழுந்தார். அது முடியும் நேரம் மற்ற போனில் அதே மேளத்தைத் தட்டிவிட்டேன். தாளம் தப்பியது. தூக்கிய கை அந்தரத்தில் நிற்க, அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். முதல் போனை அவசரமாக மேளம் தொடங்கும் இடத்துக்கு நகர்த்தி, அதற்கு மாற்றினேன். இந்த முறை சரியாக விழுந்தது. இப்படியே இரண்டு போனிலும் மாறி மாறி அந்த மேளத்தையே ஓட விட்டேன். அத்தை ஆடினார், ஆடிக்கொண்டே இருந்தார்.

பிறகு மூச்சு வாங்க என்னிடம் வந்தார். "ஏலே, இந்தப் பாட்டு இம்புட்டு நீளமா?"

யாரோ ஒருவர் உட்கார்ந்துவிடுவாரே என்ற பயத்தில்தான் அந்த டிஜேக்களும் இரண்டாவது தட்டை வாங்கியிருப்பார்கள்.