பைய அடி

1. மட்டையின் இரும்புத் தலை பந்தைத் தொடுகிறது.
2. பந்து ஒரு பக்கம் சப்பளிந்து போகிறது.
3. சப்பளிந்தது நிமிர்கிறது. நிமிரும் விசையில் மட்டையைவிட வேகமாக விலகுகிறது.
4. அதிர்வு தண்டு வழியாகக் கைக்கு வந்து சேர்கிறது. அப்போது பந்து அங்கே இல்லை.

முதல் மூன்றும் நடக்க, ஒரு நொடியை இரண்டாயிரம் கூறு போட்டால் ஒரு கூறு போதும். நான் வேலை பார்க்கும் பரிசோதனைக் கூடத்தில் சென்ற வாரம் கோல்ஃப் பந்து அடிபடும் இந்தக் காணொளியை மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள். எல்லோரும் கேள்வி கேட்டார்கள். நான் வழக்கம்போலப் பட்டியல் போட்டேன். எதையாவது நினைக்கப் பிடிக்காதபோது பட்டியல் போடுவேன், அது என் பழைய வியாதி.

சோதனைக்கு வந்திருந்த மட்டையின் பிடியில் புது ரப்பர் வாசனை. சின்ன வயதில் எங்கள் வீட்டுக்கு வந்த மட்டையிலும் அதே வாசனைதான். அப்பாவின் மேலப்பாளையத்துச் சிநேகிதர் துபாயில் கோல்ஃப் மைதானத்துப் புல் வெட்டுகிறவர். விடுமுறைக்கு வந்தபோது ஒரு மட்டையும் நான்கு பந்துகளும் கொடுத்தார். அந்தக் கோடையில் சென்னையிலிருந்து சித்தப்பா குடும்பமும் வந்திருந்தது. பிசான நெல் அறுப்பு முடிந்து, ஆற்றோரத்து வயல் காய்ந்து கிடந்தது. நான், என் அண்ணன், சித்தப்பா மகன் கார்த்தி மூவரும் போனோம். எல்லைக்கு ஒரு கம்பு நட்டு அதில் என் பையை மாட்டினோம். பந்து பொறுக்க அண்ணன் அதன் பக்கத்தில் நின்றான்.

கார்த்தி முதல் இரண்டு அடியிலும் மண்ணைத்தான் கிளப்பினான்.

"ஏலே மெட்ராஸ்காரா, அது என்ன மம்பட்டியாலே? வயல கொத்துதான் பாரு" என்றான் அண்ணன்.

கார்த்திக்கு முகம் சிவந்துவிட்டது. ஓங்கி அடிக்கப்போகிறான் என்று பட்டது. அண்ணன் அங்கே நிற்கிறானே என்று சொன்னேன்: "கார்த்தி, பைய அடி."

அவன் தலையாட்டினான். பிறகு பையைப் பார்த்துத் திரும்பி நின்றான். எதற்குத் திரும்புகிறான் என்று நான் யோசித்து முடிப்பதற்குள் பந்து அண்ணனின் இடது கண்ணில் இருந்தது.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி வராந்தாவில் சித்தப்பா கார்த்தியை அறைந்தார். "வேணும்னேதான அடிச்ச?"

"இவதாம்ப்பா பைய அடின்னு சொன்னா."

அம்மா என்னைப் பார்த்தாள். "சொன்னியாட்டி?"

"சொன்னேன்."

"புள்ள பைய அடின்னு சொல்லியும் இந்த அடி அடிச்சிருக்கானே" என்று அம்மா அழுதாள். திருநெல்வேலிக்காரர்களுக்குப் பைய என்றால் மெதுவாக. கார்த்தி சென்னையில் வளர்ந்தவன். அவனுக்குப் பைய அடி என்றால் கம்பில் தொங்குகிற பையை அடி. அவன் சொன்ன சமாதானமே அவனுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. அந்த வராந்தாவில் அது எனக்கு மட்டும் புரிந்தது. பன்னிரண்டு வயது. வாயைத் திறக்கவில்லை. அப்பாவும் சித்தப்பாவும் அதன்பின் பேசிக்கொள்ளவே இல்லை.

காணொளி பார்த்த அன்று மாலை கார்த்தியைப் போனில் கூப்பிட்டு, பைய என்றால் எங்கள் ஊரில் மெதுவாக என்று சொன்னேன்.

"காலேஜ்ல கூடப் படிச்ச திருநெல்வேலி பையன் பேசறப்பதான் எனக்கே புரிஞ்சுது" என்றான்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"நான் சொன்னா யாரு நம்புவா? நீ சொல்லுவேன்னு இருந்தேன்."

அண்ணனின் இடது கண்ணுக்கு வெளிச்சம் மட்டும் தெரியும். வயல் மனைகளாகிவிட்டது. சித்தப்பா இறந்து மூன்று வருடம் ஆகிறது. நேற்று அப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் இன்னும் என்னோடு பேசவில்லை.