இரண்டு பக்கத்தையும் கேட்டவர்

நெரவி தங்கராசு இறந்த செய்தி, நான் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது வந்தது. அவருடைய தம்பி ஐப்பசி மழையில் தொப்பலாக நனைந்தபடி பள்ளி வாசலில் நின்றிருந்தார். "அண்ணன் தவறிட்டாருங்க. குழுவுல உங்களுக்கு மட்டும் சொல்லச் சொல்லுச்சு மல்லிகா" என்றார். மல்லிகா தங்கராசுவின் ஒரே மகள். எங்கள் ஊர்ச் சமாதானக் குழுவில் அவரோடு ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருந்த மற்றவர்களுக்குச் சொல்லவேண்டாம் என்று அவள் நினைத்ததில் தவறில்லை. அந்த நண்பர்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

தங்கராசுவை ஊரில் 'சொல்தா' என்பார்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் பக்கத்தில், அவர்கள் படையில் இருந்து திரும்பியவர்களுக்கு அதுதான் பெயர். நெரவியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, இருபது வயதில் கப்பலேறியவர். ஓய்வு பெற்று வந்து மறுபடி வயலில் இறங்கிவிட்டார். எழுபதுகளின் தொடக்கத்தில், அமெரிக்காவும் ரஷ்யாவும் ஏவுகணைகளுக்கு ஒரு வரம்பு வைத்துக் கையெழுத்திட்டபோது, காரைக்காலில் நாங்கள் ஒரு கூட்டம் போட்டோம். யாரும் அழைக்காமல் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து, "அடுத்த கூட்டத்துக்கு நானும் வரலாமா வாத்தியாரே?" என்று கேட்டார்.

அன்று இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அரசலாற்றுப் பாலம் வரை நடந்தோம். அப்போதுதான் படையில் இருந்தபோது அவரை அனுப்பிய பாலைவனத்தைப் பற்றிச் சொன்னார். பிரெஞ்சுக்காரர்கள் அங்கே அணுகுண்டு வெடித்துச் சோதித்த நாளில் அவர் சற்றுத் தள்ளி ஒரு முகாமில் இருந்தார். திரும்பி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார்களாம். மூடிய கண்ணுக்குள்ளும் வெளிச்சம் வந்ததாம். சத்தம் வெகுநேரம் கழித்துத்தான் வந்தது என்றார். "சத்தம் வர்றதுக்கு முன்னாடி ஒரு அமைதி இருந்துச்சு பாருங்க. அந்த அமைதிலதான் பயந்தேன்." பிறகு லாரிகளில் படிந்திருந்த மணலைக் கழுவும் வேலை கொடுத்தார்களாம். பாலம் வந்ததும் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

குழு அவரை மேடையேற்றியது. திருமலைராயன்பட்டினத்தில், நெரவியில், தருமபுரத்தில் பேசினார். அவர் பேசினால் கூட்டம் அசையாது. அணு ஆயுதம் என்பது செய்தித்தாளில் வரும் சொல்லாக இருந்த ஊரில், அதைப் பக்கத்தில் இருந்து பார்த்த ஒருவர் வேட்டி சட்டையில் நின்று பேசினார்.

அதற்கு அவர் வீடு பதில் சொல்ல வேண்டியிருந்தது. மல்லிகாவுக்குப் பட்டினத்தில் ஒரு வரன் கூடிவந்து, பரிசம் போட நாள் பார்த்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் தங்கராசுவின் பேச்சைக் கேட்டவர். குண்டுக் காற்றுப் பட்ட உடம்புக்குப் பிறந்த பெண், நாளைக்குப் பிள்ளை எப்படிப் பிறக்குமோ என்று சொல்லிவிட்டார். வரன் நின்றது. அடுத்து வந்ததும் அதே காரணத்துக்காக நின்றது. மல்லிகா அப்பாவோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள். சோறு போடுவாள், பேசமாட்டாள். தங்கராசுவும் மேடையை விட்டார். இரண்டு போகம் அறுத்து முடியும்வரை கூட்டத்துக்கே வரவில்லை.

திரும்பி வந்தபோது மெலிந்திருந்தார். ஈறில் ரத்தம் வருகிறது, ரத்தம் குறைந்துகொண்டே போகிறது என்றார். எங்கள் செயலாளருக்கு ஒரு யோசனை தோன்றியது. இந்த நோய் அணுகுண்டால் வந்ததுதான் என்று மேடையில் சொன்னால் ஆயிரம் பேச்சுக்குச் சமம் என்றார். தங்கராசு மறுத்தார்.

"டாக்டரு அப்படிச் சொல்லலைங்க. எதனால வந்துச்சுன்னு தெரியாதுங்குறாரு. தெரியாததை நான் எப்படிங்க சொல்றது? என் பொண்ணு வாழ்க்கை அந்த மாதிரிப் பேச்சாலதான் போச்சு."

செயலாளர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. ஆனால் அன்றிலிருந்து மேடையில் அவருடைய இடம் சுருங்கியது.

ரஷ்யப் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்த பிறகு நடந்த கூட்டம் பலருக்கு நினைவிருக்கும். ஆயுத வரம்பு ஒப்பந்தத்தைக் கிடப்பில் போட்டதற்காக அமெரிக்காவைக் கண்டித்து ஒரு தீர்மானம் எழுதியிருந்தோம். தங்கராசு எழுந்து, ரஷ்யாவையும் ஒரு வரி கேட்கவேண்டும் என்றார். சத்தம் கிளம்பியது. பிரெஞ்சுக்காரன் பென்ஷனில் சாப்பிடுகிறவனுக்கு அப்படித்தான் பேசவரும் என்று ஒருவர் சொன்னார். தங்கராசு குரலை உயர்த்தவில்லை.

"பேசிக்கிட்டு இருந்தவங்க ரெண்டு பேரு. பேச்சை விட்டதும் ரெண்டு பேரும்தான். ஒருத்தரை மட்டும் கேட்டா, அது கேக்குறது ஆகாதுங்க. கட்சி கட்டுறது."

அவரை உட்காரச் சொன்னார்கள். அவர் துண்டை எடுத்துக்கொண்டு வெளியேறினார். நானும் எழுந்து போனேன். அதன்பிறகு குழுவிலிருந்து அவருக்கு அழைப்பே வரவில்லை. அதே சமயம், கடைத்தெருவில் வேறு சிலர், சமாதான மேடையில் பேசியவர் என்பதால் அவரை ரஷ்யாக்காரன் ஆள் என்று கேலி செய்துகொண்டிருந்தார்கள்.

பிறகு வந்தவை மோசமான ஆண்டுகள். ஐரோப்பாவில் இரண்டு பக்கமும் புது ஏவுகணைகளைக் கொண்டுவந்து நிறுத்தின. பேச்சுவார்த்தை மேசையிலிருந்து ரஷ்யர்கள் எழுந்துபோனார்கள். தங்கராசு வயலைத் தம்பியிடம் விட்டுவிட்டு மாதத்தில் பாதி நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். தலைவர்கள் மறுபடி சந்திக்கிறார்கள் என்ற செய்தி வந்தபோது நான்தான் போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "எத்தனை தடவை" என்று மட்டும் சொன்னார்.

ஆனாலும் அதற்கடுத்து அந்த இரண்டு தலைவர்களும் ஐஸ்லாந்தில் கூடிய இந்தச் சந்திப்பை அவர் எதிர்பார்த்துக் கிடந்தார். எல்லாக் குண்டுகளையும் ஒழிப்பது பற்றியே பேசுகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. சந்திப்பு முடிந்த மறுநாள் காலை, பள்ளிக்குப் போகும் வழியில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மல்லிகா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து டிரான்சிஸ்டரைக் காதில் வைத்துக்கொண்டிருந்தாள். தங்கராசுவுக்குக் காது மந்தமாகியிருந்தது. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"என்னம்மா சொல்றான்?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் சற்று விலகி நின்றுகொண்டேன். அது அவர்கள் இருவருக்கும் நடுவில் இருந்த விஷயம்.

"முடியலைப்பா. ஒத்துக்காமப் பிரிஞ்சுட்டாங்க" என்றாள். அவளுக்கும் அவருக்கும் நின்றுபோன பேச்சு மறுபடி தொடங்கி அப்போது சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. பொய் சொல்லி அவரைத் தேற்ற அவள் விரும்பவில்லை என்று நினைக்கிறேன்.

தங்கராசு ஒரு கையை ஊன்றிச் சற்று நிமிர்ந்தார். பிறகு கேட்டார்: "மறுபடி உக்காருவாங்களா?"

"தெரியலைப்பா."

"கேட்டுக்கிட்டு இரு" என்றார்.

அந்த மாதம் முடிவதற்குள் போய்விட்டார். ஆற்றங்கரையில் விறகு நனைந்திருந்ததால் தீப் பிடிக்க வெகுநேரமானது. நாங்கள் ஏழெட்டுப் பேர்தான் நின்றோம். கேள்விப்பட்டிருந்தால் வந்திருப்போம் என்று பிறகு என்னிடம் சொன்ன நண்பர்களை நம்புகிறேன்.

அவருடைய படம்கூட என்னிடம் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மகளைப் பார்த்து அவர் கடைசியாகக் கேட்ட அந்தக் கேள்வி மட்டும் இருக்கிறது. செய்தி நேரம் வந்ததும் வானொலியைத் திருகிவிட்டு உட்காருகிறேன். நெரவியில் மல்லிகாவும் அந்நேரம் உட்கார்ந்திருப்பாள். இதுவரை பதில் வரவில்லை.