டெஸ்ஸின் கவச வண்டி

பிடிக்காத வேலையை, யாரும் கட்டாயப்படுத்தாமலே, ஒருவர் ஆறு வருடம் ஏன் செய்யவேண்டும்? அந்த நாட்களில் யாராவது கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது. லோர்னா கட்ஃபோர்த்துக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான்.

லோர்னா எங்கள் லிங்கன்ஷயர் ஊரின் தொடக்கப் பள்ளியில் சமையல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய கணவர் டெஸ்மண்ட். ஊருக்கு அவர் டெஸ். டெஸ்ஸின் கொட்டகையில் ஒரு ஃபெரெட் நின்றது. ஃபெரெட் என்பது ஐம்பதுகளில் ராணுவத்துக்காகச் செய்த சிறிய கவச வண்டி. நான்கு சக்கரம், இரண்டு ஆட்கள், விரல் கனத்துக்கு இரும்பு. நின்றது என்று சொல்வதுகூடச் சரியில்லை. கிடந்தது. டெஸ் கழற்றுவதில் மன்னன், மாட்டுவதில்தான் சுணக்கம். வண்டியின் பாதி, பிஸ்கட் டப்பாக்களில் இருந்தது.

ஒரு இலையுதிர்காலத்துக் காலையில் டெஸ் பஸ் நிறுத்தத்திலேயே மாரடைப்பில் போய்விட்டார். அடக்கம் முடிந்து ஊர் மண்டபத்தில் தேநீர். பழைய ராணுவ வண்டி மன்றத்தின் தலைவர் ராட்னி, ஒரு கையில் ஹாம் சாண்ட்விச்சும் மறு கையில் லோர்னாவின் விரல்களுமாக நின்றார்.

"அந்த வண்டிய நாம முடிச்சிருவோம் கண்ணு. டெஸ்ஸுக்காக."

லோர்னா தலையாட்டினார். அந்த நேரத்தில் யார் எது சொல்லியிருந்தாலும் ஆட்டியிருப்பார்.

அடுத்த சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ராட்னியும் அவருடைய நண்பர் ஜெரால்டும் வாசலில் வந்து நின்றார்கள். அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்தார்கள். மழை பெய்தாலும் வந்தார்கள், பனி கொட்டினாலும் வந்தார்கள்.

துருவைச் சுரண்டும் வேலை ஒரு முழுக் குளிர்காலத்தைத் தின்றது. கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து லோர்னாவின் மணிக்கட்டு வீங்கியது. இறுகிப்போன போல்ட் ஒன்றைக் கழற்ற ஒரு நாள் போகும். எண்ணெய் விட்டு, சூடு காட்டி, சுத்தியால் தட்டி, மறுபடி எண்ணெய் விட்டு, கடைசியில் அது தலை உடைந்து கையோடு வரும். இன்ஜினுக்குப் பின்னால் இருக்கும் இடுக்குகளில் அந்த இருவரின் கையும் நுழையாது. லோர்னாவின் கை நுழையும்.

"கடவுள் இதுக்குன்னே அளவெடுத்துக் குடுத்த கை, கண்ணு," என்பார் ராட்னி.

"கடவுளுக்கு வேற வேல இல்ல பாரு," என்று இடுக்குக்குள்ளிருந்து பதில் வரும்.

அவர்கள் சிரிப்பார்கள். லோர்னா வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தார்கள்.

தபால் நிலையத்தில், மருந்துக் கடையில், எங்கே பார்த்தாலும் ஊருக்கு ஒரே கேள்விதான்: "வண்டி எப்ப ஓடும், லோர்னா?" கோடைத் திருவிழாவில் அது பச்சை வண்ணத்தில், பக்கவாட்டில் டெஸ்ஸின் பெயரோடு ஊர்வலம் போகும் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. லோர்னா மட்டும், இது முடிந்தால் ஒரு சனிக்கிழமையாவது விடிந்த பிறகு எழுந்திருக்கலாமே என்று நினைத்தார். முடித்தால்தான் விடுதலை. அதனால் வேகமாக வேலை செய்தார். வேகமாகச் செய்யச் செய்ய, ஆர்வத்தைப் பாருங்கள் என்று எல்லோரும் மெச்சினார்கள்.

ஆறாவது வருடம் மே மாதம், ராட்னி வீட்டுக்குப் பின்னால் இருந்த வயலில் முதல் ஓட்டம். ஓட்டுவது யார் என்று பேச்சு வந்தபோது ஜெரால்டு முன்னால் வந்தார்.

"யோவ், நீ உள்ள போனா வெண்ண தடவித்தான்யா வெளிய எடுக்கணும்," என்றார் ராட்னி. "லோர்னா ஓட்டட்டும். அவளுக்குத்தான் அந்தப் பாத்தியத."

அந்த வண்டியில் கியர் போடுவது ஒரு தனி வித்தை. முதலில் குச்சியை நகர்த்தி வைக்கவேண்டும். பிறகு இடது பெடலை அடிவரை மிதித்தால்தான் கியர் விழும். பாதி மிதித்தால் பெடல் குதிரை போலத் திருப்பி உதைக்கும். இது லோர்னாவுக்கு நன்றாகவே தெரியும். பெடலைத் துடைத்து மாட்டியதே அவர்தான். ஆனால் முந்தைய நாள் நெடுநேரம் மின்கம்பிகளோடு மல்லாடியதில் உடம்பு அடித்துப் போட்டது போல இருந்தது. இன்ஜின் உறுமியது, வண்டி நகர்ந்தது, ராட்னி தொப்பியைக் கழற்றி வீசினார். லோர்னா இரண்டாவது கியருக்குக் குச்சியை நகர்த்திப் பெடலை மிதித்தார். கால் அசந்துவிட்டது. பாதிதான் போனது.

உதை முழங்காலில் விழுந்தது. கத்தியபடியே வலது காலால் பிரேக்கை அழுத்தி வண்டியை நிறுத்தினார்.

ராட்னி ஓடிவந்து மேலே ஏறி, திறப்புக்குள் தலையை விட்டார்.

"பெடல் வளைஞ்சுடுச்சா?"

லோர்னா அண்ணாந்து அந்த முகத்தைப் பார்த்தார். கவலை நிறைந்த, நல்ல முகம்.

"பெடல் ஜம்முனு இருக்கு, ராட்னி. முழங்கால்தான் போச்சு."

எலும்பு முறியவில்லை. ஆனால் கால் பூசணிக்காயாக வீங்கிவிட்டது. மூன்றாம் நாள் ராட்னி, மனைவி சுட்ட, பன்றி இறைச்சி அடைத்த மாவுப் பண்டத்தோடு வந்தார். லோர்னா சமையலறையில் காலை முக்காலியில் நீட்டி, மேலே உறைந்த பட்டாணிப் பொட்டலம் ஒன்றை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"இனிமே பெயிண்ட் மட்டுந்தானே கண்ணு. நீ உக்காந்துக்கிட்டே அடிக்கலாம். ஒரு ஸ்டூல் கொண்டாரேன்."

"ராட்னி, எனக்கு அந்த வண்டியப் பிடிக்கல."

"வலியில அப்படித்தான் தோணும்."

"வலி இப்பத்தான் வந்துச்சு. பிடிக்காதது கல்யாணம் ஆன நாள்லேருந்து."

ராட்னி நாற்காலியை இழுத்துப் போட்டு மெல்ல உட்கார்ந்தார்.

"அப்ப ஆறு வருஷமா ஏன்?"

"நீங்கதான் வந்து நின்னீங்களே, சனிக்கெழம தவறாம. வேண்டாம்னு சொன்னா உங்க மனசு உடைஞ்சு போகும்னு நெனச்சேன்."

"எங்க மனசா?" ராட்னி முகத்தைத் தேய்த்துக்கொண்டார். "நீ தனியாக் கெடப்பியேன்னுதான் நாங்க வந்தோம். என் சொந்த லாரி ஒண்ணு தார்ப்பாய்க்கு அடியில துருப்பிடிச்சுக் கெடக்கு, தெரியுமா? ஜெரால்டு பொண்டாட்டி, சனிக்கெழம நான் வேணுமா அந்த வண்டி வேணுமான்னு கேட்டுட்டா. அவன் பதில் சொல்லாம இங்க வந்தான்."

"சொல்லியிருக்கலாமே!"

"நீ சொல்லியிருக்கலாமே!"

இரண்டு பேரும் சிரிக்கவில்லை. சிரிக்கத் தெம்பில்லை. பட்டாணிப் பொட்டலம் உருகித் தரையில் சொட்டியது.

"டெஸ் இருந்தா என்ன சொல்லியிருப்பான்?" என்றார் ராட்னி, கொஞ்சம் அடிபட்ட குரலில்.

"இருந்திருந்தா இன்னும் கழட்டிக்கிட்டே இருந்திருப்பாரு. அவருக்கு அதுதான் சந்தோஷம். முடிக்கணும்னு அவரு என்னைக்குச் சொன்னாரு? யோசிச்சுப் பாரு."

ராட்னி யோசித்தார். அப்படி ஒரு நாள் அவருக்கு நினைவுக்கு வரவில்லை.

வண்டி திருவிழாவுக்குப் போகவில்லை. லோர்னா அதைக் கொடுத்துவிட முடிவு செய்ய, யார்க்ஷயர் பக்கத்திலிருந்து ஒரு மன்றத்தார் பெரிய லாரியோடு வந்தார்கள். பச்சை அடிக்காமல், செம்மண் நிற அடிப்பூச்சோடு அப்படியே ஏற்றினார்கள். தெருவில் சிலர் லோர்னா அழுவாரா என்று பார்க்க வாசலில் நின்றார்கள். அவர் அழவில்லை. மிச்சமிருந்த பிஸ்கட் டப்பாக்களை ஓட்டுநரிடம் கொடுத்துவிட்டு, தடியை ஊன்றி உள்ளே போனார். ராட்னிதான் சங்கிலிகளைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெரால்டு வரவே இல்லை. ஆறு வருடம் வீணாகிவிட்டதே என்ற கோபத்தில், இன்றுவரை லோர்னாவைக் கண்டால் சாலையின் மறுபக்கம் போய்விடுகிறார். சனிக்கிழமைகளில் மனைவியோடு கடைக்குப் போகிறார் என்று கேள்வி.

"பாவம், கடைசியில முடிக்க முடியல," என்று எங்கள் ஊரில் இன்னும் சொல்கிறார்கள். அது சரியில்லை. முடியாமல் விடவில்லை, வேண்டாமென்று விட்டார். அந்த 'வேண்டாம்' என்ற ஒரு சொல்லைச் சொல்லாமல்தான் மூன்று பேர் ஆறு வருடம் களைத்துப் போனார்கள்.

போனவர் விட்டுப்போன பாதி வேலையை, யாருக்காக என்று தெரியாமல் தூக்கிச் சுமக்கிற ஒருவரை உங்களுக்கும் தெரிந்திருக்கும். லோர்னாவின் கதையை அவரிடம் சொல்லுங்கள். சனிக்கிழமை தவறாமல் அவருக்கு உதவப் போகிறவர்களிடமும் சொல்லுங்கள்.